த்லாகோயோ, கோர்டிட்டா: பூரணம் வைத்த மாசா பலகாரம் வீட்டில் செய்பவர்கள் உண்டா?

கள்ளிச்செடி, ஹூஸ்டன்

மெக்சிகோ நகரச் சந்தைகளில் நீல மக்காச்சோள மாவை இரண்டு முனையும் கூராகத் தட்டி, உள்ளே மசித்த பீன்ஸ் பயறு வைத்து, எண்ணெய் இல்லாமல் சுட்டுத் தருவார்களே த்லாகோயோ, அதை வீட்டில் செய்யப் பார்க்கிறேன். மசேக்கா என்ற மாசா மாவு (சுண்ணாம்பு நீரில் வெந்த மக்காச்சோளத்தின் மாவு) பாக்கெட் இங்கே மூலைக்கடையில்கூடக் கிடைக்கிறது. அதில் போட்டிருக்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் டோர்ட்டியா, அதாவது மெல்லிய மக்காச்சோள ரொட்டி, ஒழுங்காக வருகிறது. ஆனால் பூரணம் வைத்து மூடினால் மடிப்பில் விரிசல் விடுகிறது. கல்லில் போட்டதும் பீன்ஸ் வெளியே வந்து கருகுகிறது.

தண்ணீர் போதவில்லையா, பூரணம் சரியில்லையா, மாவே வேறா? கொஞ்சம் மைதா சேர்த்தால் இழுவை வரும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இன்னொன்று, வீட்டில் மாமியார் சுத்த சைவம். பன்றிக்கொழுப்பு இல்லாமல் இதெல்லாம் ஆகுமா?

நடுநிசி, மெரிதா

மைதா போட்டால் அது வேறு பலகாரம். தாராளமாகச் சாப்பிடலாம், த்லாகோயோ என்று மட்டும் சொல்லாதீர்கள். வெயில்காலம் அக்கா வந்து விளக்கமாகச் சொல்வார். அதுவரை பாப்கார்னோடு உட்கார்ந்திருக்கிறேன். அதுவும் மக்காச்சோளம்தானே.

வெயில்காலம், மெக்சிகோ நகரம்

வந்துவிட்டேன். பாப்கார்னை ஓரமாக வையுங்கள் தம்பி.

கள்ளிச்செடி, உங்கள் மாவில் கோளாறு இல்லை, தண்ணீர்தான் குறைவு. பாக்கெட்டில் இருப்பது டோர்ட்டியாவுக்கான அளவு. டோர்ட்டியாவை ஒரே அமுக்கில் தட்டி எடுத்துவிடுகிறோம், அதை யாரும் மடிப்பதில்லை. பூரணம் வைக்கும் மாவு மடிப்பைத் தாங்க வேண்டும், விளிம்பும் விளிம்பும் ஒட்ட வேண்டும். 250 கிராம் மாசா மாவுக்கு 350 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் தொடங்குங்கள். 400 வரைகூடப் போகும். உப்பு அரை டீஸ்பூன். பிசைந்ததும் ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். காய்ந்த மாவு தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். பிசைந்தபோது சரியாக இருந்தது அரை மணி கழித்து இறுகியிருக்கும், அப்போது கையை நனைத்து மறுபடி பிசைய வேண்டும். பெரும்பாலோர் விட்டுவிடுவது இந்த இரண்டாவது பிசைதலைத்தான்.

பதம் பார்க்க ஓர் உருண்டையை உள்ளங்கையில் அமுக்குங்கள். ஓரம் வெடித்தால் தண்ணீர் போதாது. கையில் ஒட்டிக்கொண்டு வந்தால் கூடிவிட்டது, கொஞ்சம் மாவு தூவலாம். ஓரம் வழவழப்பாக நின்று, கையை விட்டு அலுங்காமல் பிரிந்தால் அதுதான் பதம்.

கோதுமையில் இருக்கும் குளூட்டன் இதில் கிடையாது. எவ்வளவு பிசைந்தாலும் இழுவை வராது, வரவும் வேண்டாம். சுண்ணாம்பு நீரில் வெந்த தானியத்தின் பசையும் ஈரமும்தான் இதைப் பிடித்து வைக்கின்றன. ஈரம் போனால் பிடிப்பும் போச்சு. அதனால் வேலை செய்யும்போது மிச்ச மாவை மூடியே வையுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

கொழுப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம். த்லாகோயோ மாவில் சேர்க்காமலே செய்கிறவர்கள் நிறைய. பூரணத்தில்தான் பன்றிக்கொழுப்பு நுழையும். வீட்டில் எண்ணெயில் தாளித்துக்கொள்ளுங்கள். டின்னில் வரும் மசித்த பீன்ஸ் வாங்கினால் லேபிளைப் படியுங்கள், பலவற்றில் கொழுப்பு இருக்கும்.

சாயங்காலம், கோவை

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். இங்கே கிடைக்கும் மக்காச்சோள மாவில் செய்யலாமா? சோள மாவு என்று வெள்ளையாக ஒன்று விற்கிறார்களே, அது?

அரைப்படி, சிகாகோ

இரண்டிலும் முடியாது. வெள்ளையாக விற்பது வெறும் ஸ்டார்ச், சூப் கெட்டியாக்கத்தான் ஆகும். மஞ்சள் மக்காச்சோள மாவு பச்சைத் தானியத்தை நேரே அரைத்தது. வெந்நீர் விட்டுப் பிசைந்தால் ரொட்டி தட்டலாம், ஆனால் உள்ளே ஏதாவது வைத்து மூடினால் உதிர்ந்துவிடும். மணமும் வேறு. அரேப்பா மாவு கிடைத்தாலும் ஏமாந்துவிடாதீர்கள். அது வேகவைத்து அரைத்த மாவுதான், நன்றாகப் பிடித்துக்கொள்ளவும் செய்யும், ஆனால் சுண்ணாம்பு பார்க்காதது. வெனிசுவேலா, கொலம்பியா பக்கத்துச் சமாச்சாரம்.

மாசா என்றால் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறப்போட்டு அரைத்தது. அந்த வெந்த தானியத்துக்குப் பெயர் நிஷ்தமால். அதன் மாவை உலர்த்திப் பொடித்தால் மாசா ஹரினா. கோவையில் இணையத்தில் வாங்கலாம், விலை கொஞ்சம் உறைக்கும். வீட்டிலேயே நிஷ்தமால் போடுவது அப்படியொன்றும் கடினமில்லை. விருப்பம் இருந்தால் சொல்லுங்கள், எழுதுகிறேன்.

சாயங்காலம், கோவை

கண்டிப்பாக எழுதுங்கள்.

அரைப்படி, சிகாகோ

சரி, நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காய்ந்த மக்காச்சோளம் 1 கிலோ, சுண்ணாம்பு 10 கிராம், தண்ணீர் 3 லிட்டர். சுண்ணாம்பு என்றால் நீர்த்த சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு. வெற்றிலைக்குத் தடவுவதும் அடிப்படையில் இதுதான். ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பில் சிலர் நிறமும் வாசனையும் சேர்க்கிறார்கள், கலப்பில்லாத வெள்ளையாகப் பார்த்து வாங்க வேண்டும். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு கூடவே கூடாது. கிளிஞ்சலை நீற்றி இன்னும் தண்ணீர் படாமல் கட்டியாக இருப்பதும் வேண்டாம், தண்ணீரில் போட்டால் கொதித்துத் தெறிக்கும். மெக்சிகோ கடைகளில் 'கால்' (cal) என்ற பெயரில் சமையலுக்கென்றே பாக்கெட் உண்டு.

சோளமும் கவனம். விதைக்கென்று விற்பதில் பூச்சிமருந்து பூசியிருப்பார்கள், பெரும்பாலும் சாயம் ஏறிய நிறமாகத் தெரியும். சாப்பிடுவதற்கென்று விற்பதை மட்டும் வாங்குங்கள்.

பாத்திரம் எவர்சில்வர் அல்லது எனாமல். அலுமினியம் வேண்டாம், சுண்ணாம்பு அதை அரிக்கும். தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்து, கழுவிய சோளத்தைப் போட்டுச் சூடாக்கினால் வெள்ளைச் சோளம்கூட மஞ்சளாக மாறும். தளதளவென்று கொதிக்க விடாமல் மெல்லிய கொதியில் 30 முதல் 45 நிமிடம். ஒரு மணியை எடுத்து விரலால் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். நடுவே கடித்தால் இன்னும் கொஞ்சம் பச்சையாக, சாக்பீஸ் நிறத்தில் தெரிய வேண்டும். முழுக்க வேகவிட்டால் அரைக்கும்போது பசையாகிவிடும். அடுப்பை அணைத்து, மூடி, ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள்.

காலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டு இரண்டு முறை அலசுங்கள். தோலை மொத்தமாகத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள். கொஞ்சம் தோல் இருந்தால்தான் மாவு பிடிக்கும்.

இனி அரைப்பது. இங்கேதான் பிரச்சினை. மிக்சியில் போட்டால் ரவையாக நிற்கும். மெக்சிகோவில் கல் ஆலைக்குக் கொண்டுபோவார்கள், அதற்கு முன் மெத்தாத்தே என்ற சாய்ந்த அம்மியில் முட்டி போட்டு உட்கார்ந்து அரைத்தார்கள். நம் வீட்டு வெட் கிரைண்டர் கல்தான், மையாக அரைக்கும். ஆனால் தண்ணீர் தாராளமாக விடாமல் உருளை சுற்றாது, விட்டால் மாவு தளர்ந்துபோகும். நான் செய்வது இதுதான்: கிரைண்டர் சுற்றுகிற அளவுக்குத் தண்ணீர் விட்டு மையாக அரைத்து எடுத்து, கடைசியில் மாசா ஹரினா தூவி இறுக்கிக்கொள்வேன். மரபு மாறக்கூடாது என்பவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்குச் சரியாக வருகிறது. சோளத்தைக் கைப்பிடி கைப்பிடியாகப் போடுங்கள், மொத்தமாகக் கொட்டினால் மோட்டார் முனகும்.

கள்ளிச்செடிக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம். ஹூஸ்டனில் டோர்ட்டியா ஆலைகள் இருக்கின்றன, அரைத்த மாவாகவே கிலோக் கணக்கில் கிடைக்கும். வாங்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பிரெப்பரடா என்றால் தமாலேவுக்காக (மாவை இலையில் சுற்றி ஆவியில் வேகவைப்பது) கொழுப்பும் உப்பும் சேர்த்துத் தளர்வாக அடித்த மாவு. உங்கள் மாமியாருக்கும் ஆகாது, மடிக்கவும் வராது. டோர்ட்டியாவுக்கான வெறும் மாவு என்று கேட்டு வாங்குங்கள். அன்றைக்கே செய்துவிட வேண்டும், மறுநாள் புளிக்கத் தொடங்கிவிடும்.

மருந்துச்சீட்டு, நியூ ஜெர்சி

அரைப்படி சொன்ன சுண்ணாம்பு ருசிக்கும் பிடிப்புக்கும் மட்டுமில்லை. மக்காச்சோளத்தில் நியாசின் என்ற பி3 வைட்டமின் இருந்தாலும் பெரும்பகுதி பிணைந்தே கிடக்கும், உடலுக்குக் கிடைக்காது. சுண்ணாம்பு அதை விடுவிக்கிறது. ஐரோப்பாக்காரர்கள் சோளத்தைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பு வேலையைக் கொண்டுபோகவில்லை. சோளமே முக்கால் சாப்பாடு என்றான ஏழைகளுக்குத் தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி தடுமாறும் பெல்லாக்ரா வந்தது. ஸ்பெயினின் அஸ்தூரியாஸில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் 1735இல் அதை விவரித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென் மாநிலங்களில் அது கொத்துக் கொத்தாகப் பரவியபோது, அது தொற்றுநோய் இல்லை, சாப்பாட்டுக் குறை என்று மருத்துவர் ஜோசப் கோல்ட்பர்கர் நிரூபிக்கப் பாடுபட்டார். மெக்சிகோ கிராமத்துப் பெண்கள் அத்தனை காலமும் வழக்கம்போல் ராத்திரி சோளத்தை ஊறப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நடுநிசி, மெரிதா

பாடம் முடிந்ததா? பசிக்கிறது.

கள்ளிச்செடி, பூரணம் வெடிக்கிற தொல்லையே வேண்டாம் என்றால் எங்கள் யுகாத்தான் வழிக்கு வாருங்கள். பானுச்சோ. டோர்ட்டியாவைக் கல்லில் போட்டு உப்ப விடுங்கள். உப்பியதும் ஓரத்தில் கத்தியால் கீறினால் பை மாதிரி திறக்கும். அரைத்து வடிகட்டிய கறுப்பு பீன்ஸை உள்ளே தடவி, எண்ணெயில் போட்டு மொறுமொறுவென்று எடுத்து, மேலே ஊறவைத்த ஊதா வெங்காயம், அவகாடோ. இங்கே வான்கோழிக் கறி வைப்பார்கள், மாமியாருக்கு அது வேண்டாம். துராங்கோ, சக்காத்தேக்காஸ் பக்கம் கோர்டிட்டாவும் இப்படித்தான். தடிமனாகத் தட்டிச் சுட்டு, வயிற்றைக் கீறி, உருளைக்கிழங்கோ மிளகாயும் சீஸுமோ அடைப்பார்கள். வெந்த பிறகு அடைத்தால் வெடிக்க என்ன இருக்கிறது?

வெயில்காலம், மெக்சிகோ நகரம்

பானுச்சோ நல்ல பண்டம், மறுக்கவில்லை. ஆனால் வெந்த பிறகு அடைப்பதும் பச்சை மாவில் அடைத்துச் சுடுவதும் ஒன்றா? பிந்தினதில் பூரணத்தின் ஈரமும் எண்ணெயும் மாவுக்குள் இறங்கி, மாவும் பூரணமும் சேர்ந்தே வேகும். சிச்சரோன் (பொரித்த பன்றித்தோல்) வைத்த கோர்டிட்டாவைப் பிய்த்துப் பாருங்கள், உள்பக்க மாவு செம்பழுப்பாக ஊறியிருக்கும். கீறி அடைத்ததில் அது வராது. அது சாண்ட்விச் வேலை.

நடுநிசி, மெரிதா

சாண்ட்விச்சா? துராங்கோக்காரர் யாராவது இதைப் படித்தால் உங்கள் வீடு தேடி வருவார்.

வெயில்காலம், மெக்சிகோ நகரம்

வரட்டும், த்லாகோயோ போட்டு அனுப்புகிறேன்.

கள்ளிச்செடி, பூரணத்துக்கு வருகிறேன். பீன்ஸ் தளர்வாக இருந்தால் எந்த மாவும் தாங்காது. கல்லின் சூட்டில் பூரணத்துத் தண்ணீர் ஆவியாகி, வழி தேடி மடிப்பைப் பிளந்துகொண்டு வரும். வெந்த கறுப்பு பீன்ஸை மசித்து, எண்ணெயில் வெங்காயம் வதக்கி, அதில் போட்டு கிளறிக்கொண்டே இருங்கள். கரண்டியால் கோடு இழுத்தால் சட்டியின் அடி தெரிந்து, அந்தக் கோடு மூடாமல் நிற்க வேண்டும். ஆறியதும் இன்னும் இறுகும். முழுக்க ஆறிய பிறகே உள்ளே வையுங்கள். அவகாடோ இலை கிடைத்தால் ஒன்றை வாட்டிப் பொடித்துப் போடுங்கள், மெக்சிகோ வகை மரத்து இலைக்குச் சோம்பு மணம் உண்டு. காயவைத்து பாக்கெட்டில் விற்பார்கள். கண்ட மரத்து இலையைப் பறித்துப் போட வேண்டாம்.

இங்கே பீன்ஸுக்குச் சமமாகக் காய்ந்த ஹாபா (ஃபாவா பீன்ஸ்) பருப்புப் பூரணமும் உண்டு. தோல் நீக்கியதை மசிய வேகவைத்து, பச்சை மிளகாயோடு கெட்டியாக்குவார்கள். த்லாஸ்கலா, இடால்கோ பக்கம் காய்ந்த பட்டாணி. ரெக்கேசோன் என்ற மென்மையான பாலாடைக்கட்டியும் வைப்பார்கள், அதைத் துணியில் கட்டி வடித்துவிட்டு வையுங்கள், தண்ணீர் சொட்டும். எல்லாமே மாமியாருக்கு ஆகும்.

மருந்துச்சீட்டு, நியூ ஜெர்சி

ஒரு வரி: ஜி6பிடி என்ற நொதியின் பரம்பரைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஹாபா ஆகவே ஆகாது, இரத்த அணுக்கள் உடையும். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் பீன்ஸோடு நிறுத்துங்கள்.

கள்ளிச்செடி, ஹூஸ்டன்

நல்ல வேளை சொன்னீர்கள், விசாரித்துக்கொள்கிறேன். தட்டும் முறையைக் கொஞ்சம் விளக்க முடியுமா அக்கா? போளிக்கு மூடுவது போல எல்லா ஓரத்தையும் மேலே கொண்டுவந்து முடிச்சுப் போடுவதா?

வெயில்காலம், மெக்சிகோ நகரம்

முடிச்சு வேண்டாம். அந்த இடத்தில் மாவு குவிந்து வேகாமல் நிற்கும்.

எங்கள் சந்தையில் சோச்சிமில்கோ பக்கத்திலிருந்து வரும் ஓர் அம்மாவின் கையைப் பார்த்துச் சொல்கிறேன். தண்ணீரில் விரலைத் தொட்டு, எலுமிச்சையைவிடப் பெரிதாக, 80, 90 கிராம் வரும், ஒரு உருண்டை எடுக்கிறார். உள்ளங்கையில் அமுக்கி நீளவாக்கில் தட்டுகிறார். நடுவில் கட்டை விரலால் ஒரு பள்ளம், முனையிலிருந்து முனை வரை. பூரணத்தை விரல் தடிமனுக்கு அந்தப் பள்ளத்தில் ஒரு கோடாக வைக்கிறார், இரண்டு முனையிலும் ஒரு விரல் அகலம் விட்டு. பிறகு இரண்டு நீள ஓரத்தையும் சேர்த்துக் கிள்ளிக்கொண்டே போகிறார். கிள்ளிய தையலின் மேல் ஈர விரலால் ஒரு இழுப்பு, தையல் மறைந்துவிடுகிறது. அப்புறம் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டி முனையைக் கூராக்கி, கையை மாற்றி மாற்றி டப் டப்பென்று தட்டினால் ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு வந்துவிடும். அழுத்தும் கருவி எதுவும் கிடையாது. அவர் கைக்கு வந்ததெல்லாம் நமக்கு வராது, அதனால் முதலில் பிளாஸ்டிக் தாளின் மேல் வைத்துத் தட்டுங்கள். பூரணம் ஒரு டேபிள்ஸ்பூனுக்கு மேல் போனால் ஆசை அதிகம் என்று அர்த்தம்.

நல்ல இரும்புத் தோசைக்கல் போதும். எண்ணெய் தடவாமல் நன்றாகக் காயவைத்து, மிதமான தீயில் பக்கத்துக்கு 4, 5 நிமிடம். கல் காயாமல் போட்டால் ஒட்டிக்கொண்டு கிழியும், அங்கேயும் பூரணம் வெளியே வரும். தொட்டால் மேலே உலர்ந்து, ஆங்காங்கே கரும்புள்ளி விழுந்ததும் திருப்புங்கள். வெந்ததும் துணியில் சுற்றி வைத்தால் உள் ஆவியில் மெத்தென்று ஆகும். மேலே நறுக்கி வேகவைத்த நோபால் கள்ளி, வெங்காயம், கொத்தமல்லி, உதிர்த்த சீஸ், பச்சை சால்சா.

நீல மாவைப் பற்றி ஒன்று: சுண்ணாம்பு காரத்தன்மை உள்ளது, அதாவது அமிலத்துக்கு எதிர், அதனால் சாம்பல் கலந்த நீலமாக இருக்கும். எலுமிச்சை பிழிந்த இடத்தில் மட்டும் இளஞ்சிவப்பாக மாறும். பயந்துவிட வேண்டாம், அந்த நிறமியின் குணம் அது.

நடுநிசி, மெரிதா

எண்ணெயில் பொரித்த த்லாகோயோவும் உண்டு, அதை ஏன் மறைக்கிறீர்கள்?

வெயில்காலம், மெக்சிகோ நகரம்

மறைக்கவில்லை, பிடிக்கவில்லை. ஆறிப்போனதைக் கடைக்காரர் எண்ணெயில் போட்டுச் சூடாக்குவார். சோள மணம் போய் எண்ணெய் மணம்தான் வரும். பொரிக்க ஆசை என்றால் வஹாக்காவின் மோலோத்தே செய்யுங்கள். சுருட்டு வடிவில் உருட்டி, உருளைக்கிழங்கும் சொரிசோ என்ற மசாலா இறைச்சியும் வைத்து, பொரிப்பதற்கென்றே பிறந்தது. சொரிசோ இல்லாமல் உருளைக்கிழங்கை மட்டும் மிளகாய்ப் பொடி போட்டு வதக்கியும் வைக்கலாம்.

அரைப்படி, சிகாகோ

வஹாக்கா என்றதும் தெத்தேலா நினைவுக்கு வருகிறது. மடிப்பு பயமாக இருப்பவர்களுக்கு அதுதான் எளிது. அழுத்தும் கருவியில் டோர்ட்டியா தட்டி, தாளை எடுக்காமல் நடுவில் பீன்ஸ் வைத்து, தாளைப் பிடித்தே மூன்று பக்கமும் மடித்தால் முக்கோணம். தாள்தான் மடிக்கிறது, கை படுவதே இல்லை. கள்ளிச்செடி இதில் தொடங்கிவிட்டு த்லாகோயோவுக்குப் போகலாம்.

சாயங்காலம், கோவை

கேசடியாவும் இந்த மாவில்தானே? சீஸ் வைத்து மடிப்பது?

நடுநிசி, மெரிதா

மெக்சிகோ நகரத்தில் கேசடியாவில் சீஸ் இருக்காது, தனியாகக் கேட்டால்தான் வைப்பார்கள். அக்கா ஊரின் அட்டகாசம் அது.

வெயில்காலம், மெக்சிகோ நகரம்

பூசணிப்பூ, காளான், ஹுயிட்லகோச்சே (மக்காச்சோளக் கதிரில் வளரும் பூஞ்சை) என்று இத்தனை இருக்கும்போது சீஸையே ஏன் கட்டிக்கொண்டு

மட்டுறுத்துநர்

கேசடியா சண்டைக்கு ஏற்கெனவே ஓர் இழை இருக்கிறது, பூட்டியும் வைத்திருக்கிறேன். இங்கே மாவு, பூரணம், கல் மட்டும்.

கள்ளிச்செடி, ஹூஸ்டன்

தண்ணீரைக் கூட்டி, இரண்டாவது முறை பிசைந்து, பீன்ஸை இறுக்கிச் செய்தேன். மடிப்பு நின்றது. ஒன்றிரண்டு முனையில் மட்டும் கொஞ்சம் வாய் திறந்தது, அங்கே பூரணம் ஓரம் வரை போயிருந்தது. மாமியார் சால்சாவை விட்டுவிட்டு ஊறுகாயோடு சாப்பிட்டார், நான் எதுவும் சொல்லவில்லை.

கடைசிக் கேள்வி. அதிகமாகச் செய்து வைக்கலாமா? பச்சையாகத் தட்டி ஃப்ரீசரில் போடலாமா, சுட்டுவிட்டா?

வெயில்காலம், மெக்சிகோ நகரம்

சுட்டுவிட்டுத்தான். பச்சையாக உறையவைத்தால் உருகும்போது மடிப்பு ஈரம் விட்டு மறுபடி பிளக்கும். இரண்டு பக்கமும் சுட்டு, முழுக்க ஆறவிட்டு, நடுவே தாள் வைத்து அடுக்கிப் பையில் கட்டிப் போடுங்கள். வேண்டும்போது உருகவிடாமல் நேராகக் காய்ந்த கல்லில், சிறு தீயில், மேலே ஒரு மூடி போட்டு. மைக்ரோவேவில் வைத்தால் முதலில் மெத்தென்று இருக்கும், தட்டுக்கு வந்து ஆறியதும் கல்லாகிவிடும்.

நடுநிசி, மெரிதா

அல்லது எண்ணெயில் போட்டு எடுக்கலாம்.

மட்டுறுத்துநர்

நடுநிசி.